மஞ்சள் பையில் போன கடிதக் கட்டு

குளிரக்கா யாரோ ஒரு மாணவியின் நாலு வருஷப் படிப்பைக் குப்பையில் கொட்டிவிட்டாளாம். பல்கலைக்கழக பஸ்ஸின் கடைசி வரிசையில் பிறந்து, நடு வரிசையில் வளர்ந்து, டிரைவர் சீட்டுக்கு வந்து சேரும்போது மீசையே முளைத்துவிட்ட செய்தி அது. அந்த டிரைவர்தான் குளிரக்காவின் கணவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அது அவர் காதில் விழுந்துவிட்டது. சொல்லத் தைரியம் வரவில்லை. தன் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்காக இரண்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் முதுகு ஒடிய உட்கார்ந்துவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டபடியே வீடு திரும்பியவளிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அவருக்குத் தெரியும். சனிக்கிழமை காலை, அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது, ஒரு கையில் பஸ் சாவியையும் மறு கையில் செருப்பையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் பேச்சை ஆரம்பித்தார்.

“உன் பேர்ல ஒரு கதை ஓடுது.”

“என்ன கதை?”

“யாரோ ஒரு பொண்ணோட ஏதோ ஒரு கட்ட நீ தூக்கிக் குப்பைல போட்டுட்டியாம். நாலு வருஷ ஆராய்ச்சியாம். அந்தப் பொண்ணு நேத்து துறைத் தலைவர் ரூம் வாசல்ல உக்காந்து அழுதுச்சாம்.”

டப்பா மூடி அவள் கையிலேயே நின்றது.

“என்ன கட்டு?”

“அதெல்லாம் யார் கேட்டா? நான் ரோட்டப் பாத்து ஓட்டுறதா, பின்னாடி பேசுறத எழுதிக்கிறதா?”

“என்னைப் பத்திப் பேசுறாங்க, நீங்க ரோட்டப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

“ஏம்மா, ரோட்டப் பாக்காம விட்டா அதுக்கும் உன் பேரையா இழுப்பாங்க?”

அவள் சிரிக்கவில்லை. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டுச் செருப்பை மாட்டினாள். வழக்கமாகப் பஸ்ஸின் இரண்டாவது நடையில் போகிறவள் அன்று முதல் நடையிலேயே ஏறினாள்.

குளிரக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவள் குளிரக்கா. பல்கலைக்கழகத்தின் பொது உறைபனி அறைக்கு இருபத்தோரு வருஷமாக அவள்தான் காவல். கண்ணாடிக் குடுவை கழுவத் தினக்கூலியாக வந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியலில் பள்ளியிலேயே முதல் மார்க். அதற்குமேல் படிக்க வைக்க வீட்டுக்கு ஒருவன் போதும் என்று அப்பா முடிவு பண்ணினார். அந்த ஒருவன் தம்பி. தம்பி இரண்டாம் வருஷத்தில் கல்லூரியை விட்டு நின்றான். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. மைனஸ் முப்பதிலும் ஆறாது.

அவளிடம் பதினாலு பெட்டிகள் இருந்தன. பெட்டி என்றால் ஆள் உயர ஃப்ரீசர். எந்தத் துறையில் யார் எதை ஆராய்ந்தாலும், அது கெட்டுப்போகக் கூடியது என்றால் அவள் வாசலுக்குத்தான் வர வேண்டும். மீனின் காதுக்குள் இருக்கும் குட்டிக் கல்லை எடுத்து அதன் வளையங்களை எண்ணி மீனுக்கு வயது சொல்கிறவன் ஒருவன். பழைய பானைகளின் அடியைச் சுரண்டி, அந்தக் காலத்தில் அதில் என்ன வேகவைத்தார்கள் என்று தேடுகிறவள் ஒருத்தி. பரீட்சைக்கு முன்னும் பின்னும் மாணவர்களின் எச்சிலை வாங்கி அதில் பயத்தை அளக்கும் உளவியல்காரன். கான்கிரீட் கட்டிகளை உறையவைத்து, உருகவைத்து, எத்தனையாவது தடவையில் விரிசல் விடுகிறது என்று பார்க்கும் கட்டடப் பொறியியல்காரன். சட்டத் துறையிலிருந்து ஒருவன் வருவான். அவனுக்கு வைக்க ஒன்றுமில்லை, கோடையில் குளிருக்கு நின்றுவிட்டுப் போவான். அவனையும் அவள் வரிசையில் நிற்க வைப்பாள்.

யாருடைய பெயரும் அவள் நினைவில் நிற்காது. கொண்டு வந்த பொருளே பெயர். காது, பானை, எச்சில், கான்கிரீட். அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் எவன் பொருள் எந்தப் பெட்டியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். யார் எதைத் தேடுகிறார்கள், எதற்காகத் தேடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு, வாசலிலேயே நிற்க வைத்து, புரிகிற வரைக்கும் விடமாட்டாள். அந்த வளாகத்தில் எல்லாத் துறையையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தவர் துணைவேந்தர் இல்லை, அவள்தான்.

அவள் ஏறியதும் பஸ் அமைதியானது. அந்த அமைதியே அவளுக்குப் போதுமான பதிலாக இருந்தது. பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பு: “மாப்ள, உன் ட்யூபெல்லாம் பத்திரமா இருக்கான்னு போய் பாத்துக்கோ.”

“யார்றா அது?”

கணவர் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, அவசரமாக ரோட்டைப் பார்த்தார்.

“எச்சிலு, நீதானே? எந்திரி. உன்னோட அறுநூத்தி நாப்பது ட்யூபும் அஞ்சாம் பெட்டில மூணாந் தட்டுல இருக்கு. வா, இறங்கினதும் ஒண்ணொண்ணா எண்ணு. ஒண்ணு குறைஞ்சா நான் வேலைய விட்டுப் போறேன். குறையலைன்னா நீ போறியா?”

“அக்கா, நான் ஒண்ணும் சொல்லலக்கா. இவன்தான்...”

“இவன் யாரு? காதா? போன வருஷம் கரண்டு போனப்ப உன் மீனையெல்லாம் யாருடா ஐஸ் பெட்டில மாத்தினது? உன் ப்ரொபசரா வந்து மாத்தினாரு? ஒரு நாள் ராத்திரி முழுக்க நான் நாறிக்கிட்டு நின்னேன். வீட்டுக்குப் போனா இந்த மனுஷன் கதவத் திறக்கல.”

“திறந்தேன்,” என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இருபத்தோரு வருஷம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் கையால ஒரு பொருள் கெட்டுச்சுன்னு யாராவது சொல்லுங்க பாப்போம்.”

பானைக்காரி மட்டும் மெல்ல எழுந்து பக்கத்தில் வந்தாள். “அக்கா, அது வரலாற்றுத் துறைப் பொண்ணு. அந்தக் கடுதாசிக் கட்டு. வியாழக்கிழமை சாயந்திரம் திரும்ப ஃப்ரீசர்ல வைக்க வந்து பாத்திருக்கா, லேப் மேடைல காணோம். லேப்ல கேட்டதுக்கு, ‘அக்கா கிளீன் பண்ணியிருப்பாங்க’ன்னு சொன்னாங்களாம்.”

“நான் வியாழக்கிழமை ஊர்லயே இல்லையே! ஆஸ்பத்திரில இருந்தேன்.”

“அது யாருக்கும் தெரியலக்கா.”

கடுதாசி.

அந்தப் பெண் முதலில் வந்தபோது அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தவளே குளிரக்காதான். காகிதத்தை எதற்கு ஃப்ரீசரில் வைக்க வேண்டும்? அவள் பொறுமையாகச் சொன்னாள். அறுபது வருஷத்துக்கு முன் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். செய்தித்தாளில் அதைப்பற்றி இரண்டே வரி. ஆனால் நாற்பத்தோரு நாளும் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் மகன் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். அதுதான் அவளுடைய மொத்த ஆராய்ச்சியும். கட்டு முழுக்கப் பூச்சி. மடிப்பைப் பிரித்தால் காகிதம் பொடியாகிறது. முப்பத்தொன்றை மட்டும் படம் எடுத்திருந்தாள். மீதியைப் பூச்சி செத்தபிறகுதான் பிரிக்க வேண்டும் என்று ஆவணக் காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. இறுக்கமாகப் பாலித்தீன் சுற்றி ஒரு வாரம் உறையவைக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து, பிரிக்காமல், ஒரு நாள் முழுக்கச் சாதாரணச் சூட்டில் வைக்க வேண்டும். தப்பிப் பிழைத்த முட்டைகள் இதுதான் வெயில் காலம் என்று நம்பி விழிக்கும். விழித்ததும் மறுபடி ஒரு வாரம் உறையவைக்க வேண்டும். அதோடு தீர்ந்தது.

“ஏமாத்திக் கொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு அன்று குளிரக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அதற்காகவே ஒன்பதாம் பெட்டியில் இடம் கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் குளிரக்காதான் கட்டை வெளியே எடுத்தாள். பக்கத்து ஆய்வகத்து வேலைமேடையில் வைத்து, சீட்டு எழுதி ஒட்டினாள்: வரலாறு. தொடாதே. வியாழன் மாலை உள்ளே போகும். அவ்வளவு தெளிவாக எழுதி ஒட்டியதை எடுத்தவன் எவன்?

எவன் என்று அவளுக்குத் தெரியும். உறைபனி அறையை ஒட்டிய ஆய்வகத்தில் உயிரணு ஆராய்ச்சி செய்யும் ஐந்தாம் வருஷக்காரன். இன்னும் பட்டம் வாங்கவில்லை, ப்ரொபசர் நடை மட்டும் வந்துவிட்டது. அதனால் அவனுக்குப் பெயர் சின்ன ப்ரொபசர். ஆய்வகத்தை நடத்தும் மேடத்துக்குச் செல்லப்பிள்ளை. வியாழக்கிழமைகளில் மேடையைச் சுத்தம் செய்யும் முறை அவனுடையது.

பஸ் நிற்பதற்குள் இறங்கினாள். எட்டு நாற்பதுக்கு ஆய்வகக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். அவன் கையுறையோடு நுண்ணோக்கியில் குனிந்திருந்தான்.

“எந்திரி.”

“அக்கா, ரெண்டே நிமிஷம்...”

“எந்திரின்னேன். மேடைல இருந்த கட்டு எங்க?”

“எந்தக் கட்டு?”

“இவ்ளோ பெருசு. பாலித்தீன் சுத்தினது.”

அவன் நிமிர்ந்தான். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. “ஓ, அதா. வியாழக்கிழமை காலைல வந்தப்ப மேடைல தண்ணி விட்டுக்கிட்டுக் கிடந்துச்சு. முழுசா கரைஞ்சிடுச்சு. லேபிளும் இல்ல. மஞ்சள் பைல போட்டேன்.”

மஞ்சள் பை என்றால் எரிக்கப் போகிற பை. கிருமி பட்டது, திசு, ரத்தம் எல்லாம் அதில்தான் போகும். நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போயிருக்கும்.

“உனக்கு அறிவிருக்கா? திறந்து பாத்தியா?”

“மஞ்சள் பைக்குப் போறத யாராவது திறப்பாங்களாக்கா?”

“என்னைக் கேக்க வேண்டியதுதானே!”

“உங்க போன் ரெண்டு நாளா ஸ்விட்ச் ஆஃப். ஆறு தடவை அடிச்சேன்.” அவனுக்கும் குரல் ஏறியது. “அதோட, நான் என்ன தப்பு பண்ணேன்? நீங்க சொல்லிக் குடுத்தததான் பண்ணேன். அதோ பாருங்க.”

மேடைக்கு மேலே சுவரில் அவளுடைய கையெழுத்து. எட்டு வருஷத்துக்கு முன், கரைந்துபோன மண் மாதிரியை ஒருவன் சத்தமில்லாமல் திரும்ப உறையவைத்து, அதைக் கொண்டே ஒரு வருஷம் பொய்யான முடிவுகளை எழுதிக்கொண்டிருந்தான். அது தெரியவந்த அன்று ஆத்திரத்தில் அவள் எழுதி ஒட்டியது: ‘கரைந்தது செத்தது. பெயர் இல்லாதது யாருடையதும் இல்லை.’ முதல் வருஷம் வந்தபோது இந்த இரண்டு வரியையும் அவனை நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னவளும் அவள்தான்.

“பேர் இல்லையா? என் கையால எழுதி ஒட்டினேன்டா!”

“இல்லக்கா.”

“பொய் சொல்லாத.”

“எனக்கு எதுக்குக்கா பொய்? இருந்திருந்தா தொட்டிருப்பேனா?”

“ஒட்டினேன்னு சொல்றேன்ல! இந்தா, இந்த இடத்துல நின்னுதான்...”

காட்டக் குனிந்தாள். மேடைக்கு அடியில், சக்கர ஸ்டூலின் காலருகே, தரையோடு தரையாக ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தது. எடுத்தாள். மை கொஞ்சம் பரவியிருந்தது. வரலாறு. தொடாதே. வியாழன் மாலை உள்ளே போகும். பின்பக்கம் டேப் அப்படியே பளபளவென்று இருந்தது. ஒரு தூசி, ஒரு நூல் ஒட்டவில்லை. அது எதிலும் ஒட்டவே இல்லை.

பனி படிந்த பாலித்தீனில் டேப் ஒட்டாது. ஒட்டியது மாதிரி நிற்கும். பனி உருகினதும் வழுக்கிக்கொண்டு விழும். அதனால்தான் எதையும் உள்ளே வைப்பதற்கு முன்னாலேயே சீட்டு ஒட்ட வேண்டும். வெளியே எடுத்த பிறகு எழுதுவதாக இருந்தால் நூலால் கட்ட வேண்டும். இந்த அறையில் கால் வைக்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே அவள் சொல்கிற முதல் பாடம் அது. சரியாகச் செய்யாதவர்களை அவள் திட்டுகிற திட்டில் பாதி பேர் இரண்டாம் நாள் வருவதே இல்லை. புதன்கிழமை அவள் சீட்டை ஒட்டும்போது கீழே பஸ் ஹார்ன் இரண்டு தடவை அடித்தது. ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்குள் அம்மாவைச் சேர்க்க வேண்டும். நூல் உருண்டை ஐந்தடி தள்ளி அலமாரியில் இருந்தது. ஐந்தடி.

சின்ன ப்ரொபசர் நுண்ணோக்கிப் பக்கமிருந்தே கூப்பிட்டான். “அக்கா?”

கதவு திறந்தது. கடுதாசிப் பெண் நின்றாள். இரண்டு நாள் சரியாகத் தூங்காத கண். பானைக்காரி போனில் சொல்லியிருக்க வேண்டும். விடுதியிலிருந்து ஓடி வந்திருந்தாள்.

“அக்கா, எங்க வெச்சீங்க? தயவுசெஞ்சு எங்கயாவது எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லுங்கக்கா.”

சீட்டு குளிரக்காவின் உள்ளங்கையில் இருந்தது. விரலை மூடினால் தெரியாது. இவன் பார்க்கவில்லை. மேடமும் செல்லப்பிள்ளை என்று பார்க்காமல் இவன் தலையில்தான் கட்டுவார். விதி விதி என்று ஓடுகிறவன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், திறந்து பார்த்திருக்கலாம், இவன் மேலும் தப்பு இருக்கத்தான் செய்கிறது. பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் மார்தட்டிவிட்டு வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நெஞ்சுக்குள் ஒருத்தி நின்று கத்தினாள். யாரைப் பார்த்துக் கத்துகிறாள் என்று குளிரக்காவுக்கே பிடிபடவில்லை. தம்பியையா, ஹார்ன் அடித்த மனுஷனையா, பூச்சியையா?

“இவன் மஞ்சள் பைல போட்டுட்டான்,” என்றாள். அந்தப் பெண் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஒரு அடி பின்வாங்கினான். “நில்லு, அவனத் திட்டாத. சீட்டு ஒட்டல. ஒட்டினது நான். பனி மேல ஒட்டினேன். முதல் வாரம் வர்ற பிள்ளைங்க பண்ற வேலை. நூல்ல கட்டல. என்னைத் திட்டு. ஆனா இப்ப இல்ல, அப்புறம் திட்டு. இப்ப நேரமில்ல.”

கடுதாசிப் பெண் திட்டவில்லை. “எரிச்சிருப்பாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

குளிரக்கா கழிவு ரசீதுப் புத்தகத்தைப் பிடுங்கினாற்போல் இழுத்தாள். நேற்றைய தாளில் சின்ன ப்ரொபசரின் கையெழுத்து: ஏழு பைகள், மணி மூன்று பத்து. கீழே வண்டிக்காரரின் எண். போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

“யாரு?”

“யூனிவர்சிட்டி ஃப்ரீசர் ரூம்லேர்ந்து. நேத்து எடுத்த ஏழு பை எங்கண்ணே?”

“குடோன்ல இறக்கியாச்சும்மா. ஏன், காசு கீசு விழுந்திருச்சா?”

“எரிச்சாச்சா?”

“சனிக்கிழமை ஒம்போதரைக்குத்தான் அங்க உலைய மூட்டுவாங்க. முதல்ல ஆஸ்பத்திரிப் பை, அப்புறந்தான் உங்களோடது. சில நாள் மாத்தியும் போடுவாங்க, அது அந்த ஆளு இஷ்டம்.”

சுவர்க் கடிகாரத்தில் எட்டு ஐம்பத்திரண்டு.

“எந்த ஆளு? நம்பர் குடுங்க. சீக்கிரம்.”

எண்ணை ரசீதின் ஓரத்தில் எழுதினாள். குடோன் ஊருக்கு வெளியே, காலை நெரிசலில் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாது. அவள் கணக்குப் போடுவதற்குள் சின்ன ப்ரொபசர் கையுறையைக் கழற்றி வீசிவிட்டு வண்டிச் சாவியை எடுத்திருந்தான்.

“நான் கூட்டிட்டுப் போறேன். வாங்க.”

கடுதாசிப் பெண் அவனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போம்மா. இவன் நடை ஒண்ணுதான் ப்ரொபசர், வண்டி ஓட்டுறது ரவுடி மாதிரி. அதுதான் இப்ப வேணும்.” பிறகு அவன் பக்கம் திரும்பி, “டேய், ஏழு பையும் ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணொண்ணா அமுக்கிப் பாரு. செங்கல் மாதிரி கனமா, சதுரமா இருக்கும். கையுறை எடுத்துக்கிட்டுப் போ. அவளத் தொட விடாத, அதுல உன்னோட கருமமெல்லாம் இருக்கு.”

“சரிக்கா.”

“கட்டுக்குள்ள ஈரம் போயிருக்காது. நல்லாத்தான் சுத்தியிருக்கா. கிழிக்காம கொண்டு வா. கரைஞ்சிருந்தாலும் சாகல, புரியுதா? பூச்சிதான் சாகணும்.”

படிக்கட்டில் இரண்டு பேர் ஓடும் சத்தம். கீழே வண்டி கிளம்பி, வளைந்து, தெருச் சத்தத்தோடு கலந்தது.

அவள் உலைக்காரரின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். வண்டிக்காரருக்கே திரும்ப அடித்து, “வேற நம்பர் இருக்கா? பக்கத்துல காவலுக்கு யாராவது?” என்று கேட்டாள்.

“அங்க ஒரே ஆளுதாம்மா. உலைச் சத்தத்துக்குன்னு காதுல மாட்டுறத இப்பவே மாட்டியிருப்பான். விட்டு விட்டு அடிங்க.”

“காதுல மாட்டிக்கிட்டு போன எதுக்கு வெச்சிருக்காராம்? அழகுக்கா?”

“என்னைத் திட்டி என்னம்மா பண்றது?”

“உங்கள யாரு திட்டினா?” என்று கத்திவிட்டு வைத்தாள்.

ஒன்பது ஐந்து. ஒன்பது பதினொன்று. வெளியே வராந்தாவில் மேடம் வந்துவிட்ட குதிகால் சத்தம் கேட்டது. யாரோ அவரிடம் வேகமாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். எச்சில்காரன் கதவிடுக்கில் தலையை நீட்டி, “அக்கா, மேடம் உங்களக் கூப்புடுறாங்க,” என்றான்.

“வர மாட்டேன்னு சொல்லு.”

“அக்கா, மேடம்க்கா...”

“தப்பு என்னுதுதான்னு சொல்லு. எழுதித் தரேன்னு சொல்லு. இப்ப போன் பேசுறேன்னு சொல்லு. போ!”

ஒன்பது பத்தொன்பது. அவர்கள் இப்போதுதான் பாதி வழியைத் தாண்டியிருப்பார்கள். அவள் மேடையோரம் நின்று மறுபடி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து அறையின் பதினாலு பெட்டிகளின் உறுமலுக்கு மேலே கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள்.

“எடுய்யா,” என்றாள். “எடு. யோவ், எடுத்துத் தொலை.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது.